கேட்டத மட்டும் போடு: நெட்வொர்க் லேப் பரீட்சைக்குப் போற புதுப் பசங்களுக்கு

காட்பாடில எங்க தெருப் பசங்க ரெண்டு பேரு சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பெனியோட ஆரம்பக் கட்ட நெட்வொர்க் பரீட்சை) முடிச்சிட்டு அடுத்ததுக்குப் படிச்சிக்கினு இருக்கானுங்க. எனக்கு பெங்களூர்ல வேல, சனிக்கிழம ராத்திரி ட்ரெயின் புடிச்சி ஊருக்கு வந்தா போதும், ஞாயித்துக்கிழம காலைல லேப்டாப்ப தூக்கிக்கினு வந்து திண்ணையில குந்திடுவானுங்க. போன வாரம் ஒருத்தனுக்கு சின்னதா ஒரு லேப் குடுத்தேன், நாலு ரூட்டர் ரெண்டு ஸ்விட்ச், கேள்வி மொத்தமே ஆறு. ஒரு மணி நேரம் கழிச்சி பாத்தா கேட்ட ஆறும் வேல செய்யுது, ஆனா கேக்காதது பதினாலு வரி இருக்குது. பாஸ்வேர்ட் என்கிரிப்ஷன் போட்டிருக்கான், எல்லா போர்ட்லயும் பிபிடியூ கார்டு (வேற ஸ்விட்ச் மாட்டினா போர்ட்ட மூடற காவல்) போட்டிருக்கான், டெல்நெட்ட (தூரத்துலருந்து ரூட்டர்ல நுழையற பழைய வழி) மூடிட்டான், போதாததுக்கு ஒரு டீஃபால்ட் ரூட் (வேற வழி தெரியலன்னா இந்தப் பக்கம் போன்னு சொல்ற வரி) வேற. "இன்னாத்துக்குப்பா இதெல்லாம்?"னு கேட்டா "ஒரு சேஃப்டிக்குண்ணா, ஆபீஸ்ல இப்டித்தான போடுவாங்க"ன்றான்.

ஆபீஸ்ல சரிதான் கண்ணு. பரீட்சையில அந்த பதினாலு வரில மூணு வரி போதும், நல்லா எழுதின கேள்விங்களோட மார்க்கையும் சேத்து இஸ்துக்கினு போயிடும். அவனுக்கு உக்காந்து சொன்னத அப்டியே இங்க எழுதுறேன், புதுசா லேப் பரீட்சைக்குப் போற மத்தவங்களுக்கும் ஆவும். நான் சிஸ்கோ பக்கம்தான் எழுதினவன், அதனால எடுத்துக்காட்டெல்லாம் அந்தப் பக்கத்துதா இருக்கும், ஜூனிப்பர் (இன்னொரு ரூட்டர் கம்பெனி) எழுதுறவங்களுக்கும் முக்காவாசி அப்டியே பொருந்தும்.

மொதல்ல எந்தப் பரீட்சைன்னு தெரிஞ்சிக்கங்க

சிசிஎன்ஏ 120 நிமிஷம், கம்ப்யூட்டர்ல கேள்வி, அதுக்கு நடுவுல ரெண்டு மூணு எடத்துல குட்டி லேப் வரும், ரூட்டர் சன்னல் தொறந்து நீங்களே கமாண்ட் அடிக்கணும். அடுத்த கேள்விக்குப் போயிட்டா திரும்ப வர முடியாது. சிசிஐஇ (சிஸ்கோவோட உச்சக் கட்டப் பரீட்சை) லேப் வேற லெவல், ஒரே நாள்ல 8 மணி நேரம், மொதல் 3 மணி நேரம் டிசைன், அதுல ரூட்டர்ல கை வெக்கவே விட மாட்டாங்க, படிச்சி பதில் சொல்றதுதான், அப்பால 5 மணி நேரம் நெசமான வேல. கட்டணம் பல வருஷமா 1600 டாலரா இருந்துச்சு, நம்ம ஊரு துட்டுல லட்சத்துக்கு மேல. நமக்குக் கிட்ட இருக்கறது பெங்களூர் சென்டர். லட்ச ரூபா கட்டிட்டுப் போயி கேக்காதத போட்டு ஃபெயில் ஆனா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும், நான் ஆனேன்.

அத்தையும் சொல்லிடுறேன். மொத தடவ எழுதறப்ப டெஸ்ட் பண்றதுக்குன்னு ஒரு ரூட்டர்ல கேக்காத ஒரு லூப்பேக் (ஒயரே இல்லாத கற்பனை இன்டர்ஃபேஸ்) போட்டேன், லூப்பேக் 99, அட்ரஸ் 99.99.99.99, பாக்க அழகா இருந்துச்சு. அந்த ரூட்டர்ல ஓஎஸ்பிஎஃப்போட (ரூட்டருங்க ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கற முறை) ஐடிய கையால குறிக்கல, தானா எடுத்துக்கட்டும்னு விட்டிருந்தேன். ஓஎஸ்பிஎஃப் இன்னா பண்ணும்னா, ஐடிய நாம குடுக்கலன்னா அது ஸ்டார்ட் ஆவற நேரத்துல இருக்கற லூப்பேக்லயே பெரிய அட்ரஸ் எதுவோ அத்த எடுத்துக்கும். ஓடிக்கினு இருக்கறப்ப புதுசா லூப்பேக் போட்டா உடனே மாறாது, அதான் கொடும, எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே இருக்கும். மத்தியானத்துக்கு மேல வேற எதுக்கோ அந்த ரூட்டர ரீலோட் பண்ணேன். எழுந்து வந்தப்ப ஐடி 99.99.99.99 ஆயிடுச்சு. எதிர்ப்பக்கம் விர்ச்சுவல் லிங்க் (ஓஎஸ்பிஎஃப்ல ரெண்டு ரூட்டர ஐடிய வெச்சி சேக்கற கற்பனை இணைப்பு) பழைய ஐடிய வெச்சி கட்டினது, அது அறுந்துபோச்சு. காலைல டிக் போட்டு முடிச்ச கேள்வி அது, அதனால அந்தப் பக்கமே திரும்பிப் பாக்கல, வேற எங்கெங்கயோ தேடிக்கினு நாப்பது நிமிஷம் போச்சு. கடைசில லூப்பேக்க கழட்டி ஓஎஸ்பிஎஃப்ப க்ளியர் பண்ணதும் சரியாச்சு, ஆனா அந்த நாப்பது நிமிஷத்துல பண்ண வேண்டிய ரெண்டு கேள்வி அப்டியே நின்னுபோச்சு.

ஒரு வரி. யாரும் கேக்காத ஒரே ஒரு வரி.

கத்திரிக்காயும் பையும்

பசங்களுக்கு நான் இத்த சொல்றது மார்க்கெட் கணக்கு வெச்சிதான். எங்கம்மா "நேதாஜி மார்க்கெட் போயி அர கிலோ முள்ளு கத்திரிக்கா வாங்கியாடா"ன்னு காசு குடுத்து அனுப்புவாங்க, இலவம்பாடி கத்திரிக்கா, அதுக்கு புவிசார் குறியீடெல்லாம் குடுத்திருக்காங்க இப்ப. நான் போயி கத்திரிக்காயோட தக்காளி சல்லிசா இருக்குதுன்னு ரெண்டு கிலோ அள்ளிக்கினு வருவேன். திட்டு விழும். வீட்ல ஏற்கனவே தக்காளி இருக்கும், மீதி காசுக்கு அவங்க வேற கணக்கு வெச்சிருப்பாங்க. அதே சமயம் "பை எடுத்துக்கினு போ"ன்னு அவங்க சொல்லவே மாட்டாங்க. சொல்லலன்னு கைய வீசிக்கினு போயி கத்திரிக்காய சட்டையில அள்ளிக்கினு வந்தாலும் திட்டுதான்.

ஆக கேள்வித்தாள்ல மூணு வகை இருக்குது. கேட்டது, கத்திரிக்கா. கேக்கல, ஆனா அது இல்லாம கேட்டது நடக்காது, அது பை. கேக்கல, தேவையும் இல்ல, அது தக்காளி. புதுசா வர்ற பசங்க கஷ்டப்படறது ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல கோடு போடத் தெரியாமதான். எல்லாத்தையும் தக்காளின்னு நெனச்சி பயந்து பையையும் விட்டுட்டுப் போறவனும் ஃபெயில்தான்.

பைக்கு எடுத்துக்காட்டு: ரெண்டு ஏஎஸ் (தனித்தனி நிர்வாகத்துல இருக்கற நெட்வொர்க்) நடுவுல லூப்பேக் அட்ரஸ வெச்சி பிஜிபி (அந்த நெட்வொர்க்குங்க வழி சொல்லிக்கற முறை) நெய்பர் போடுன்னு கேள்வி. அவ்ளோதான் எழுதியிருக்கும். ஆனா அப்டேட் சோர்ஸ் லூப்பேக்னு குடுக்கலன்னா நெய்பர் ஏறாது, இபிஜிபில (வேற வேற ஏஎஸ் நடுவுல ஓடற பிஜிபி) டிடிஎல், அதாவது பாக்கெட் எத்தினி தாவு தாவலாம்ங்கறது, சாதாரணமா 1தான், அதனால மல்ட்டிஹாப்பும் வேணும், அந்த லூப்பேக் ஒண்ணுக்கு ஒண்ணு தெரியறதுக்கு ஒரு ரூட்டும் வேணும். மூணும் கேக்காததுதான், மூணும் பை. அதே நெய்பர்ல ஆபீஸ் பழக்கத்துல சாஃப்ட் ரீகான்ஃபிகரேஷன், கம்யூனிட்டி அனுப்பறது, எம்டி5 பாஸ்வேர்ட்னு சேத்தா அது தக்காளி. எதிர்ப்பக்கம் அவங்களே போட்டு வெச்ச ரூட்டரா இருந்து உங்களுக்கு அதுல நுழைய அனுமதி இல்லன்னு வெச்சிக்கங்க, இந்தப் பக்கம் மட்டும் பாஸ்வேர்ட் போட்டா நெய்பர் அப்டியே செத்துடும்.

சோதிக்கறதுக்கு நான் ஒரே கேள்விதான் வெச்சிக்கறேன்: இந்த வரிய எடுத்துட்டா கேள்வித்தாள்ல எந்த வாக்கியம் பொய்யாவும்? ஒரு வாக்கியத்த கை காட்ட முடிஞ்சா வரி இருக்கட்டும். முடியலன்னா அடிக்காத.

ரூட்டர தொடறதுக்கு முன்னாடி

பசங்க கேள்வித்தாள் தொறந்ததும் மொத கேள்விய படிச்சிட்டு கான்ஃபிக் டீ (செட்டிங் மாத்தற மோட்ல நுழையற கமாண்ட்) அடிச்சிடறானுங்க. வேணாம்பா. லேப் பரீட்சையில மொத்தத்தையும் ஒரு தரம் கடைசி வரிக்கும் படிங்க, அர மணி நேரம் போனாலும் போவட்டும். ஏன்னா 2ஆவது கேள்விக்கு நீங்க எடுக்கற முடிவ 9ஆவது கேள்வி மாத்தி வெச்சிருக்கும். இது சிசிஐஇ மாதிரி பெருசுக்கு. சிசிஎன்ஏ குட்டி லேப்ல அந்த ஒரு கேள்வி சன்னல்ல இருக்கற எல்லாத்தையும் படிச்சா போதும், டாஸ்க் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், பொதுக் குறிப்பு ஒரு பக்கம்னு தனித்தனியா ஒளிஞ்சிருக்கும், மூணையும் தொறந்து பாருங்க.

படிக்கறப்ப, எழுதிப் பாக்கறதுக்குன்னு அங்க குடுக்கறதுல சில வார்த்தைங்கள மட்டும் பொறுக்கி எழுதுங்க. "மட்டும்", "கூடாது", "எல்லா", "கம்மியான வரிகள்ல", "ஸ்டாட்டிக் ரூட் இல்லாம", "மத்த எதையும் பாதிக்காம". இங்கிலீஷ்லதான் வரும், ஒன்லி, டு நாட், ஆல், மினிமம், வித்தவுட், அது எப்டின்னாலும் தெரியும். பொதுவா மொதப் பக்கத்துலயே சில தடைங்க இருக்கும், ஸ்டாட்டிக் ரூட் (கையால எழுதற வழி) போடாத, டீஃபால்ட் ரூட் போடாத, புதுசா இன்டர்ஃபேஸ் உண்டாக்காத, ஏற்கனவே இருக்கற பாஸ்வேர்ட மாத்தாதன்னு. அந்தப் பக்கத்த வேகமா தாண்டிடறவங்க ரொம்பப் பேரு. என் மொத தடவ பேப்பர்ல அந்த லூப்பேக்குக்கு தடை இருந்துச்சான்னு கேட்டா, பேப்பர்ல இருந்தத வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டுதான் உள்ள போனேன், சொல்ல முடியாது. நீங்களும் வெளிய வந்து கேள்விய யாருக்கும் சொல்லாதீங்க, சர்டிஃபிகேட்டே போயிடும்.

அப்பால, ஏற்கனவே போட்டு வெச்சிருக்கற கான்ஃபிக்க பாருங்க. சுத்தமான ரூட்டர் குடுக்க மாட்டாங்க, அட்ரஸ், விலான் (ஒரு ஸ்விட்ச்சையே தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கறது), சில நேரம் பாதி ரூட்டிங் எல்லாம் இருக்கும், வேணும்னே தப்பா வெச்சதும் கலந்திருக்கும். மொதல்ல அத்த ஒரு நகல் எடுத்துக்கங்க, ரன்னிங் கான்ஃபிக்க ஃபிளாஷ்ல ஒரு பேர்ல காப்பி பண்ணா போதும். சாயங்காலம் இது எவ்ளோ ஒதவும்னு கீழ சொல்றேன். ஒங்களுக்குப் பிடிக்காத வரி ஒண்ணு இருந்தா ஒடனே அழிக்காதீங்க, அது வேற எதுக்கோ தூணா இருக்கும். தப்புன்னு தெரிஞ்சா அந்த தப்பு எவ்ளோவோ அவ்ளோ மட்டும் திருத்துங்க. ஏசிஎல்ல (எத விடணும் எத தடுக்கணும்ங்கற பட்டியல்) ஒரு வரி தப்புன்னா அந்த ஒரு வரிய, நம்பர் போட்டு. மொத்த ஏசிஎல்லையும் நோ போட்டு எடுத்துட்டு புதுசா எழுதறது மேஸ்திரிய ஒட்டடை அடிக்கக் கூப்ட்டா செவுத்த இடிச்ச கத.

அடிக்கடி மாட்டிக்கற எடங்க

இங்கதான் கொஞ்சம் நின்னு பேசணும். பசங்க லேப்ல நான் பாத்தது, நானே செஞ்சது எல்லாம் கலந்து.

ஸ்டாட்டிக் ரூட். பிங் போவல, நேரம் ஆவுது, ஒரு ஸ்டாட்டிக் போட்டா போயிடும். போயிடும்தான். ஆனா ஸ்டாட்டிக்கோட மதிப்பு 1, ஓஎஸ்பிஎஃப்போடது 110, கம்மியா இருக்கறதுதான் ஜெயிக்கும், அதனால ரூட் டேபிள்ல ஓஎஸ்பிஎஃப் வழி மறஞ்சிடும். திருத்தறவங்க அந்த நெட்வொர்க் ஓஎஸ்பிஎஃப்லருந்து வந்திருக்குதான்னு பாத்தா அங்க ஸ்டாட்டிக்குன்னு காட்டற எஸ் நிக்கும். பிங் ஓடுது, மார்க் வராது. அதவிட மோசம், உள்ள இருக்கற உண்மையான தப்பு மூடிக்கிது, நாலு கேள்வி தள்ளி அது வேற எடத்துல மொளைக்கும்.

ஓஎஸ்பிஎஃப்ல நெட்வொர்க் 0.0.0.0 255.255.255.255 ஏரியா 0ன்னு ஒரே வரில முடிக்கறது. யூடியூப் பாத்து கத்துக்கிட்டவங்க எல்லாரும் இதான் பண்றானுங்க, சல்லிசான வழி. அந்த ரூட்டர்ல இருக்கற அத்தினி இன்டர்ஃபேஸும் ஏரியா 0க்குள்ள போயிடும், வெளிக் கம்பெனி பக்கம் போற லிங்க், மேனேஜ்மென்ட் லிங்க் எல்லாம் சேத்து. கேள்வி மூணு இன்டர்ஃபேஸ் சொல்லியிருந்தா மூணுதான். இன்டர்ஃபேஸுக்குள்ளயே போயி ஓஎஸ்பிஎஃப் போடற பழக்கம் வெச்சிக்கங்க, எது உள்ள எது வெளியன்னு கண்ணுக்குத் தெரியும்.

ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் டைப் இன்னொண்ணு, ரொம்பப் பேருக்கு தெரியாத குழி. ரெண்டு ரூட்டர் ஈத்தர்நெட்ல நேரா மாட்டியிருக்குது, டிஆர் (அந்த லிங்க்குக்கு தலைவர் ரூட்டர்) எலெக்‌ஷன் எதுக்கு தண்டமான்னு ஒரு பக்கம் மட்டும் பாயின்ட் டு பாயின்ட்னு போட்டுடறது. ஹலோ (நான் இருக்கேன்னு அனுப்பற செய்தி) நேரம் ரெண்டு டைப்புக்கும் 10 செகண்ட்தான், அதனால நெய்பர் ஃபுல்லுன்னு ஜம்முனு காட்டும். ரூட் மட்டும் வராது. நெய்பர் இருக்குது ரூட் இல்லன்னு தலைய பிச்சிக்கினு குந்தியிருப்பீங்க. ஆனா பாருங்க, லூப்பேக்ல அதே கமாண்ட் சில நேரம் பை ஆயிடும்: லூப்பேக்க ஓஎஸ்பிஎஃப் /32ஆ தான் அனுப்பும், கேள்வியில /24ஆ தெரியணும்னு இருந்தா லூப்பேக்ல பாயின்ட் டு பாயின்ட் போட்டுதான் ஆவணும். அப்டி கேக்கலன்னா போடாத.

ட்ரங்க் போர்ட், பல விலான ஒரே லிங்க்ல கடத்தற போர்ட். இது கூடுதலா போடறதுல வராது, போட்டு கொறைக்கறதுல வரும், ஆனா விளைவு ஒண்ணுதான். ஏற்கனவே ட்ரங்க்ல விலான் 10, 20 ஓடுது, 30ஐயும் விடுன்னு கேள்வி. ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலௌட் விலான் 30ன்னு அடிச்சிட்டீங்கன்னா 10, 20 ரெண்டும் போச்சு, 30 மட்டும்தான் நிக்கும். ஆட்ங்கற வார்த்த நடுவுல வேணும். நம்ம காட்பாடி ஸ்டேஷன்ல ஒரு கதவ தொறக்கச் சொன்னா மத்த கதவெல்லாம் சாத்திட்டு அத்த மட்டும் தொறந்த மாதிரி.

எஸ்எஸ்எச், டெல்நெட் மாதிரியே ஆனா பூட்டு போட்ட வழி. "எஸ்எஸ்எச்ல உள்ள வர முடியணும்"னு கேட்டா டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்னு அடிக்கறது கை பழக்கம். அடிச்சா டெல்நெட் மூடிக்கும். கேட்டது எஸ்எஸ்எச் வேணும்னுதான், எஸ்எஸ்எச் மட்டும்னு கேக்கல. முன்னாடி டெல்நெட் ஓடிக்கினு இருந்துச்சா? அப்ப ரெண்டையும் விடு. இதே குடும்பத்துல ஏஏஏ நியூ மாடல் (யாரு உள்ள வரலாம்னு சோதிக்கற முறைய ஆன் பண்றது), இந்த ஒரு வரி அடிச்ச ஒடனே கன்சோல தவிர மத்த லைன் எல்லாம் லோக்கல் யூசர் பேரு கேக்க ஆரம்பிச்சிடும். யூசரே உண்டாக்கலன்னா வெளியருந்து யாரும் நுழைய முடியாது. திருத்தறதுக்கு ஸ்கிரிப்ட் வெச்சி உள்ள வர்ற பரீட்சையா இருந்தா வாசல்லயே நின்னுடும், உள்ள நீங்க இன்னா சாதிச்சிருந்தாலும்.

சர்வீஸ் பாஸ்வேர்ட் என்கிரிப்ஷன், கான்ஃபிக்ல பாஸ்வேர்ட மறைச்சிக் காட்டற வரி. பாவம், நல்லெண்ணத்துல போடறது. தெரிஞ்சிக்க வேண்டியது இதான்: அத்த போட்டுட்டு அப்பால நோ போட்டு எடுத்தாலும் ஏற்கனவே மாறின பாஸ்வேர்டு திரும்ப பழைய மாதிரி ஆவாது. திரும்ப வர முடியாத வேலைங்கள பரீட்சையில கேக்காம பண்ணக் கூடாது, அவ்ளோதான்.

எச்எஸ்ஆர்பில (ரெண்டு ரூட்டர்ல ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு எடுத்துக்கற முறை) ப்ரீயெம்ப்ட், அதாவது பிரையாரிட்டி அதிகமா இருக்கறது எடத்த புடுங்கிக்கறது. எல்லாரும் பிரையாரிட்டியோட சேத்து அடிக்கற வரி. ப்ரீயெம்ப்ட் தானா ஆன்ல இருக்காது, பிரையாரிட்டி 100 எல்லாருக்கும் பொது. கேள்வி "ரூட்டர் 1 ஆக்டிவா இருக்கணும்"னு மட்டும் சொன்னா இன்னா பண்றது? இதுல எனக்கே ரெண்டு மனசு. ரூட்டர் 2 ஏற்கனவே ஆக்டிவா நிக்குதுன்னா ப்ரீயெம்ப்ட் இல்லாம ரூட்டர் 1 எடத்த புடிக்காது, அப்ப அது பை. ரீலோட் ஆயிட்டு திரும்ப வந்தா எடத்த வாங்கிக்கணும்னு எழுதியிருந்தாலும் பை. திரும்ப வாங்கிக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தா போட்டவன் தொலஞ்சான். ஒண்ணுமே எழுதலன்னா, நெலமய பாத்துட்டு முடிவு பண்ணுங்க, கை பழக்கத்துல அடிக்காதீங்க.

பாசிவ் இன்டர்ஃபேஸ் டீஃபால்ட் (எல்லா இன்டர்ஃபேஸ்லயும் ஹலோவ நிறுத்தற வரி) பத்தி தனியா சொல்ல ஒண்ணும் இல்ல, அடிச்ச ஒடனே நெய்பர் எல்லாம் விழும், ஒங்களுக்கே தெரிஞ்சிடும். பிபிடியூ கார்ட இன்டர்ஃபேஸ்ல நேரா போட்டு அந்தப் பக்கம் ஸ்விட்ச் இருந்தா போர்ட் எர்ர் டிசேபிள்ல போயி மூடிக்கும். ஏசிஎல் உள்பக்கமா மாட்டறப்ப கடைசில கண்ணுக்குத் தெரியாத டினை ஒண்ணு இருக்குதுன்னு ஞாபகம் இருக்கட்டும், அது ஓஎஸ்பிஎஃப் ஹலோவையும் பிஜிபியோட 179 போர்ட்டையும் சேத்து வெட்டும்.

ரெண்டு ரூட்டர்ல ரெண்டு பக்கமும் ரீடிஸ்ட்ரிப்யூட் (ஒரு முறையில தெரிஞ்ச வழிய இன்னொரு முறைக்கு ஊத்தறது) பண்றதுதான் இதுல ராட்சசன். கேள்வி ஓஎஸ்பிஎஃப்லருந்து ஈஐஜிஆர்பிக்கு (ஓஎஸ்பிஎஃப் மாதிரி இன்னொரு வழி சொல்ற முறை) மட்டும் கேட்டிருக்கும், பையன் "திரும்பி வர வழி வேணாமா"ன்னு ரெண்டு பக்கமும் போடுவான். சில லேப்ல திரும்பற வழி ஏற்கனவே ஒரு டீஃபால்ட் ரூட்டா இருக்கும், பாத்திருக்க மாட்டான். ரூட் ஒரு எடத்துல போயி இன்னொரு எடத்துல திரும்பி வந்து சுத்திக்கினே இருக்கும். மொதல்ல திரும்பற வழி இருக்குதான்னு பாரு, இல்லாம கேட்டது நடக்காதுன்னு நிச்சயமானா அப்ப போடு, டேக் (வழிக்கு ஒட்டற அடையாள நம்பர்) வெச்சி, போனது திரும்பி வராம தடுத்துட்டுப் போடு.

சந்தேகம்னா கேளு

பெரிய லேப் பரீட்சையில ஒரு கண்காணிப்பாளர் இருப்பாரு. பசங்க அவர பாத்து பயப்படறாங்க, பள்ளிக்கூட ஹால் மாதிரி. கேள்வியோட வாக்கியம் புரியலன்னா கேக்கலாம், தப்பே இல்ல. ஆனா "இது எப்டி சார் பண்றது"ன்னு கேட்டா சிரிச்சிட்டு போயிடுவாரு. "சார், இந்த வாக்கியத்த நான் இப்டி புரிஞ்சிக்கறேன், இல்ல அப்டியா, ரெண்டுல எது"ன்னு நீங்களே ரெண்டு வழியும் தெரியும்னு காட்டி கேளுங்க. பதில் வந்தாலும் வரும், "கேள்விய இன்னொரு தரம் படி"ன்னு சொன்னாலும் சொல்வாரு. அப்டி சொன்னா நெசமாவே இன்னொரு தரம் படிங்க, பதில் அதுலதான் இருக்கும். இத்த காலைலயே கேளுங்க, சாயங்காலம் எல்லாரும் க்யூல நிப்பாங்க.

டெஸ்ட் பண்ணது, தொடச்சது

டெஸ்ட் பண்றதுக்கு ஏதாவது போட்டாகணும்னா போடுங்க, ஆனா எழுதி வெச்சிக்கங்க. டீபக் (உள்ள நடக்கறத ஓடவிட்டுக் காட்டறது) ஆன் பண்ணேன், எந்த ரூட்டர். தற்காலிக லூப்பேக், எந்த ரூட்டர். ஏசிஎல்ல லாக் வார்த்த சேத்தேன். ஷட் பண்ண லிங்க், இது ரொம்ப முக்கியம், பேக்கப் வழி ஓடுதான்னு பாக்க ஒரு லிங்க ஷட் பண்ணிட்டு திரும்ப நோ ஷட் போட மறந்துட்டுப் போனவங்க கத எவ்ளோ வேணா சொல்லலாம். எழுதினத ஒவ்வொரு கேள்வி முடியறப்பவே அடிச்சிடுங்க, கடைசில மொத்தமா பாத்துக்கலாம்னு விடாதீங்க.

எல்லாம் முடிஞ்சதும் காலைல எடுத்த நகல வெளிய எடுங்க. ஷோ ஆர்க்கைவ் கான்ஃபிக் டிஃபரன்சஸ்னு ஒரு கமாண்ட் இருக்குது, பழைய ஃபைல் பேரு, புது ரன்னிங் கான்ஃபிக், ரெண்டையும் குடுத்தா கூட்டினதுக்கு ப்ளஸ், கொறைச்சதுக்கு மைனஸ் போட்டு காட்டும். இருக்கறதுலயே எனக்குப் பிடிச்ச கமாண்ட் இதான். ப்ளஸ் போட்ட ஒவ்வொரு வரிக்கும் கேள்வி நம்பர வாயால சொல்லுங்க. நம்பர் வரலன்னா தக்காளி. மைனஸ் வரிய இன்னும் உன்னிப்பா பாருங்க, நாம அழிச்சதே தெரியாம அழிச்சது அங்கதான் மாட்டும், அந்த ட்ரங்க் விலான் கத மாதிரி. ஜூனிப்பர்காரங்களுக்கு இது இன்னும் சுலபம், கமிட் பண்றதுக்கு முன்னாடியே ஷோ கம்பேர் பாத்துக்கலாம், பயமா இருந்தா கமிட் கன்ஃபர்ம்ட் போட்டா 10 நிமிஷத்துல மறுபடி உறுதி பண்ணலன்னா தானா பழசுக்குத் திரும்பிடும். குடுத்து வெச்சவங்க.

ஃபிளாஷ்ல வெச்ச அந்த நகல எல்லாம் முடிஞ்சதும் அழிச்சிடுங்க. அதுவும் யாரும் கேக்காததுதான.

வீட்ல எப்டி பழகறது

பரீட்சை அன்னிக்கு திடீர்னு கைய கட்ட முடியாது. வெரலுக்கு அது பழகியிருக்கும், மூள சொல்றதுக்கு முன்னாடி நோ ஐபி டொமைன் லுக்கப் (தப்பா அடிச்ச வார்த்தைய ரூட்டர் பேர்னு நெனச்சி தேடாம இருக்க போடற வரி) அடிச்சி முடிச்சிருக்கும். நான் ரெண்டாவது தடவைக்கு முன்னாடி பண்ணது இதான்: ஜிஎன்எஸ்3 இல்ல ஈவ்-என்ஜில (கம்ப்யூட்டர்லயே ரூட்டர் ஓட்டற சாஃப்ட்வேருங்க) லேப் போட்டு, முடிச்சதும் ப்ளஸ் மைனஸ் பாத்து, கேள்வி நம்பர் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் ஒரு நோட்டுல கோடு. மொத வாரம் ஒரு லேப்புக்கு இருவது கோடு வந்துச்சு, வெக்கமா இருந்துச்சு. மூணு மாசத்துல ரெண்டு மூணுன்னு கொறஞ்சிது. சிசிஎன்ஏ பசங்களுக்கு பாக்கெட் ட்ரேசரே (சிஸ்கோவோட பழகற சாஃப்ட்வேர்) போதும், எல்லா கமாண்டும் அதுல ஓடாது, ஆனா இந்தப் பழக்கத்துக்கு ஓடறது போதும். கேள்விய நீங்களே எழுதிக்காதீங்க, கூடப் படிக்கறவன எழுதச் சொல்லுங்க, நாமளே எழுதினா நமக்கு சாதகமாத்தான் எழுதுவோம். என் பசங்க ரெண்டு பேரும் இப்ப ஒருத்தனுக்கு ஒருத்தன் கேள்வி எழுதி, மொதப் பக்கத்துல வேணும்னே ஒரு தடைய ஒளிச்சி வெச்சி, மாட்டினவன் ஆம்பூர் பிரியாணி வாங்கித் தரணும்னு பந்தயம் கட்டிக்கினு இருக்கானுங்க. நடுவுல எனக்கும் ஒரு பொட்டலம் வருது.

ஆபீஸ்ல நெட்வொர்க் வேல செய்யறவங்களுக்கு இது இன்னும் கஷ்டம். பத்து வருஷ அனுபவம் இருக்கறவங்க காலேஜ் பசங்களவிட இதுல அதிகமா தடுக்கி விழறாங்க, அங்க பாதுகாப்புக்கு நாலு வரி சேத்து போடறவனதான் கெட்டிக்காரன்னு சொல்வாங்க. அந்தப் பழக்கத்த விட வேணாம், பரீட்சைக்கு முந்தின ஒரு மாசம் தள்ளி வெய்ங்க.

அன்னிக்கு

பெங்களூர் சென்டர்னா மொத நாளே போயிடுங்க. காட்பாடிலருந்து சாயங்காலம் லால்பாக் புடிச்சா ராத்திரி போயி சேந்துடலாம், காலைல போயிக்கலாம்னு நெனைக்காதீங்க, அந்த ஊரு ட்ராஃபிக் உங்க பரீட்சைக்கு காத்துக்கினு இருக்காது. ட்ரெயின்ல புதுசா எதுவும் படிக்காதீங்க. அந்த நோட்டுல இருக்கற கோட மட்டும் பாருங்க, எந்த வரி அடிக்கடி அடிச்சீங்களோ அது பரீட்சையிலயும் வெரல் நுனில வந்து நிக்கும்.

கடைசி அர மணி நேரம் பத்தி ஒண்ணு. எல்லாம் முடிச்சி நேரம் மிச்சம் இருந்தா கை அரிக்கும், இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணலாமேன்னு. அப்ப கான்ஃபிக் மோட்ல நுழையாதீங்க, ஷோ கமாண்டும் பிங்கும் மட்டும். ஒவ்வொரு கேள்வியும் இன்னும் ஓடுதான்னு முதல்லருந்து ஒரு சுத்து, முக்கியமா காலைல முடிச்சதுங்க, எனக்கு அறுந்தது அதான். அப்பால ஒவ்வொரு ரூட்டரா போயி ரன்னிங் கான்ஃபிக்க ஸ்டார்ட்டப்ல சேவ் பண்ணுங்க, ஒண்ணு விடாம, பேர எழுதி வெச்சி டிக் போட்டு. சிசிஎன்ஏ லேப்லயும் சேவ் பண்ணச் சொல்லி டாஸ்க்லயே எழுதியிருந்தா அது கத்திரிக்கா, அத்த விட்டுட்டு அடுத்த கேள்விக்கு அமுக்கிட்டா திரும்ப வர வழியில்ல.

அந்தப் பதினாலு வரி பையன் நேத்து போன் பண்ணான். புது லேப்ல கூடுதல் வரி ஒண்ணே ஒண்ணுதானாம், இன்னா வரின்னு கேட்டேன், "பேனர்ணா"ன்றான். வாசல்ல நல்வரவு போர்டு மாட்டியிருக்கான்.